ஒரு நாள் ஓடட்டும், பார்க்கலாம்

என் கணவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒருநாள்' என்றுதான் சொல்வார்கள். 'ஒருநாள் வந்துட்டாரா?', 'ஒருநாள் எங்க போயிருக்காரு?' என்று எங்கள் வாசலிலேயே நின்று என்னிடமே கேட்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மற்ற மெக்கானிக்குகள் பழுது பார்த்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் தெர்மாமீட்டரைப் போட்டு, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு நாள் ஓடட்டும், பாக்கலாம்" என்பார். மறுநாள் வந்து டம்ளரை வெளியே எடுத்துப் பார்த்துத் தலையை ஆட்டின பிறகுதான் அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து ஆளை ஏமாற்றிவிடுமாம், தண்ணீர் ஏமாற்றாதாம். ஃபிரிட்ஜுக்கு அது சரியாகவே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மனுஷனுக்கு உலகத்தில் உள்ள எல்லாமே ஃபிரிட்ஜ்தான்.

என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதம் என்று சொல்ல எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். புதுச் செருப்பு வாங்கினால் ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் போட்டு நடப்பார். பெரியவள் பிறந்தபோது பெயர் வைக்க நாற்பது நாள் ஆயிற்று. காதருகே குனிந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, குழந்தை திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை. பசி வந்தபோது என் பக்கம் திரும்பியது. அப்போது நான் சொன்ன பெயரைத்தான் வைத்தோம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. பெரியவளுக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு காலையில் மூச்சு இளைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர் குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சளிதான், ஒரு நாள் பாக்கலாம்" என்றார். மதியத்துக்குள் உதடு நீலமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐந்து நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர், "இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்தவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பத்து வருஷம் ஆகிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்க மாட்டேன். அவருடைய செருப்பையும் டம்ளரையும் எட்டு மாதத்தையும் இழுத்து வைத்து எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் காலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் பேசியதில்லை.

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். கொரோனாவுக்காக மூடிய பள்ளிக்கூடம் மூன்று வாரத்தில் திறக்கப்போகிறது என்றும், பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்கு சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுவார்கள் என்றும், பெற்றோரிடம் சம்மதப் படிவம் வாங்கி அனுப்ப வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்தது. அதோடு வந்த மாதிரிப் படிவத்தில் 'பெற்றோர் கையெழுத்து' என்று ஒரே ஒரு கோடுதான் இருந்தது. நாளைக்கு ஏதாவது ஒரு தகப்பன் வந்து 'என்னைக் கேக்காம எப்படிப் போட்டீங்க' என்று சண்டைக்கு நிற்பானே என்று நானே மூளையைச் செலவழித்து, 'தாய்', 'தந்தை' என்று இரண்டு கோடு போட்டு டைப் செய்தேன். தலைமையாசிரியை மெச்சிக்கொண்டார். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு அது என்பது வீட்டுக்குப் போய் அவரிடம் நீட்டியபோதுதான் உறைத்தது.

வாங்கிப் படித்தார். முன்பக்கம் முழுக்கப் படித்தார். பின்பக்கம் வெறும் தாள். அதையும் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நாள்..."

"டாக்டர் சொல்லியாச்சுங்க. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடி பெரியவளுக்குக் கட்டாயம் போட்டுடுங்கன்னு. இளைப்பு இருக்கற புள்ள. நாப்பது பேரோட ஒரே ரூம்ல உக்காரப் போறா."

"தெரியும்."

"தெரிஞ்சா கையெழுத்துப் போடுங்க."

"அதனாலதான் பாத்து செய்யணும்ங்கறேன். நல்ல மெஷின்னா எதை மாட்டினாலும் தாங்கிடும். ஒரு தடவை ரிப்பேர் ஆன மெஷின்ல அவசரப்படக் கூடாது."

"எம் பொண்ணு மெஷின் இல்ல."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அப்பா சொல்றதுதாம்மா சரி" என்றாள் சின்னவள். பன்னிரண்டு வயதில் அவள் அப்பா சொன்ன எதற்கும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. ஆனால் ஊசி என்றால் அவளுக்குக் குலை நடுங்கும். போன வருஷம் ஆணி குத்தியதற்கு ஊசி போட வேண்டும் என்றதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இவர் கதவையே கழற்ற வேண்டியதாயிற்று. திரும்ப மாட்டிய பிறகு, 'ஒரு நாள் ஓடட்டும்' என்று மறுநாள் வரை எங்கள் யாரையும் தாழ்ப்பாள் போட விடவில்லை.

"எனக்குப் போடறதா வேண்டாமான்னு எங்கிட்ட யாராவது கேப்பீங்களா?" என்றாள் பெரியவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீ சும்மா இரு" என்றோம் நானும் அவரும் ஒரே நேரத்தில். அந்த வாரம் முழுக்க நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் படிவங்கள் வந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு தகப்பனார் 'சம்மதம்', 'சம்மதமில்லை' இரண்டுக்கும் டிக் அடித்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. இன்னொரு படிவத்தில் தாய் சம்மதம், தந்தை சம்மதமில்லை, கீழே 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதியிருந்தது. ஒருத்தி 'அரை டோஸுக்கு மட்டும் சம்மதம்' என்றிருந்தாள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தாய்க்கும் தந்தைக்கும் தானே கையெழுத்துப் போட்டுச் 'சம்மதமில்லை' என்று கொடுத்திருந்தான். பாக்கிப் பேர் படிவத்தையே கொடுக்காமல் போன் செய்து என்னைக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"உங்க வீட்டுல போட்டாச்சா?"

என்னை ஏன் கேட்டார்கள் என்றால், சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்து வைத்திருக்கும் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொள்வது என் கணவர். இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டு டிகிரிக்கு மேலேயும் ஏறக் கூடாது. தினமும் போய் டம்ளரைப் பார்த்து, கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிவிட்டு வருவார். அதனால் தெருவுக்கு ஒரு முடிவு: ஊசியைப் பற்றி ஒருநாளுக்குத் தெரியாதது ஒன்றும் இருக்க முடியாது. அவர் தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு நாமும் போகலாம்.

இத்தனைக்கும் அவர் தனக்குப் போட்டுக்கொண்டது தீர யோசித்து இல்லை. பெரியவர்களுக்கு ஊசி போட ஆரம்பித்த புதிதில், ஒரு சாயங்காலம் அங்கே கதவின் ரப்பரை மாற்றிக்கொண்டிருந்தார். திறந்த குப்பியில் ஒருவருக்கான மருந்து மிச்சம். "அரை மணி நேரத்துல கீழ கொட்டிடணும்ணே" என்று அங்கே ஊசி போடும் சிஸ்டர் சொல்லியிருக்கிறாள். தான் குளிர வைத்த பொருள் வீணாவதை அவரால் தாங்க முடியாது. யோசிக்காமல் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயந்துபோய் மூன்று நாள் தன்னையே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகாதார நிலையத்துக்கு நேர் எதிரில் தையல் கடை. உள்ளே யார் போகிறார்கள், எந்தக் கையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்று தெருவுக்கே செய்தி சொல்வது தையல்காரர்தான். ஊசி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டும் என்று போனில் எதையோ பார்த்துவிட்டு, சட்டைக்கு அளவெடுக்கிற சாக்கில், தரையில் விழுந்த குண்டூசி பொறுக்குகிற காந்தத்தை இவர் புஜத்தில் வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார்.

"என்னப்பா தேடறே?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"ஒட்டுதான்னு பாத்தேண்ணே."

"ஒட்டினா எனக்கு நல்லதுதான். ஸ்க்ரூ கீழ விழுந்தா தேட வேண்டாம்."

என் தம்பி ஒருவன் இருக்கிறான். தலைவலி மாத்திரைக்கும் இருமல் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் நாளைக்குப் பத்து வீடியோ அனுப்புவான். 'மாமா, புள்ளைங்களுக்குப் போட்டுடாதீங்க' என்று அவன் அனுப்பியதை இவர் முழுசாகப் பார்த்துவிட்டு, "இதுல பேசறவரு என்ன வேலை பாக்கறாரு?" என்று போன் செய்து கேட்டார். "தெரியல மாமா" என்றான். "சரி, அதையும் ஒரு நாள் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். பொய்யை நம்புவதற்கும் அவருக்கு ஒரு நாள் வேண்டும். அந்த வகையில் நியாயமான மனுஷன்தான்.

மூன்று வாரம் இரண்டு வாரமாயிற்று. நான் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் படிவத்தை வைத்தேன். டூல்ஸ் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு நாள் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், டம்ளருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அதை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் வழியை மறித்து நின்றுகொண்டு கேட்டேன்.

"காரணத்தைச் சொல்லுங்க. சொல்லாம இன்னைக்கு வேலைக்குப் போக முடியாது."

தலையைச் சொறிந்தார். பிறகு ரகசியம் போலச் சொன்னார்.

"சிஸ்டர் தன் பையனுக்கு இன்னும் போடல."

"அதனால?"

"பதிமூணு வயசுப் பையன். மருந்து அவங்க கையிலயே இருக்கு. தெருவுல எல்லாப் புள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றவங்க, சொந்தப் புள்ளைய மட்டும் கூட்டிட்டு வரல. மருந்தைப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா எனக்கும் உனக்கும் தெரியும்?"

அதைக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை அத்தனை தைரியமாகப் பேசியவள், அன்றைக்கு அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். பெரியவள் மூச்சுவிடுவதை எத்தனை நாள் பக்கத்தில் படுத்து எண்ணியிருப்பேன். போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? போடாமல் ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு பக்கமும் ஒரே பயம்தான் நின்றது.

மறுநாள், அதுவரை வந்திருந்த ஒன்பது படிவங்களை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அந்த ஒன்பதில் சம்மதம் என்று உருப்படியாக இருந்தவை இரண்டு. அதுவும் வேறு தெருப் பிள்ளைகள், பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்ப் போட்டுக்கொண்டவர்கள். நீளமான வராந்தாவில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. சிஸ்டர் உள் அறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பஞ்சை உருண்டை உருண்டையாகக் கிள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைவிடச் சின்னவள். அவரை அண்ணன் என்பாள், என்னை அக்கா என்பாள்.

"என்னக்கா, உங்க தெருவுல ஒரு புள்ள கூட வரலையே" என்றாள் படிவங்களைப் புரட்டிக்கொண்டே.

நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"உங்க வீட்டுல போட்டாச்சா?"

சிஸ்டர் படிவங்களை மேஜையில் வைத்துவிட்டு மறுபடி பஞ்சை எடுத்துக் கிள்ளினாள்.

"இன்னும் இல்லக்கா."

"ஏன் சிஸ்டர்? மருந்துல ஏதாவது..."

"ஐயோ, மருந்துல ஒண்ணும் இல்லக்கா. மருந்து நல்ல மருந்து. பொட்டிதான்." குரலைத் தணித்து ஃபிரிட்ஜைக் கண்ணால் காட்டினாள். "அண்ணன் தினமும் வர்றாரு. தொறக்கறாரு, டம்ளரைப் பாக்கறாரு, எழுதறாரு. எல்லாம் சரியா இருக்காண்ணேன்னு கேட்டா, 'இப்போதைக்கு சரி'ங்கறாரு. இப்போதைக்குன்னா என்னக்கா அர்த்தம்? சொந்தப் பொண்ணுங்களையே கூட்டிட்டு வரல. அப்ப பொட்டியில ஏதோ கோளாறு, வெளிய சொல்ல மாட்டேங்கறாருன்னுதானே நெனப்பேன்? மருந்து உள்ளயே கெட்டுப்போயிருந்தா அது அவருக்கு மட்டும்தானே தெரியும்? ஒத்தைப் புள்ளக்கா எனக்கு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்தேன். தினமும் காலையில் இந்த இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றிருக்கிறார்கள். இவள் அவர் முகத்தைப் பார்ப்பாளாம், அவர் இவள் முகத்தைப் பார்ப்பாராம். இரண்டு பேரையும் எதிர்க் கடையிலிருந்து தையல்காரர் பார்ப்பாராம். தையல்காரரைத் தெருவே பார்க்கும். யாராவது ஒருவர் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் மண்டை இத்தனை நாள் காய்ந்திருக்காது.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"சுகாதார நிலையத்துப் பொட்டியில ஏதாவது கோளாறு இருக்கா?"

"அதுல என்ன கோளாறு?" அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நாலு டிகிரி. வச்ச நாள்லேருந்து ஒரு கோடு அசையல."

"அதை சிஸ்டர்கிட்ட சொல்றதுதானே?"

"கேட்டாங்க. சொன்னேனே, இப்போதைக்கு சரின்னு."

சொன்னேன். சிஸ்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப பொட்டியும் சரி, மருந்தும் சரி" என்றார் கடைசியில்.

"ஆமா."

"அப்ப ஒரு நாள்..."

அந்த நொடியில் அது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க.' அவ்வளவுதான், மூன்று வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே திரும்ப எடுத்துக் கழுவினேன். கோபத்திலா, அழுகையிலா என்று எனக்கே தெரியவில்லை.

குழாயை மூடிவிட்டு வந்தபோது மேஜையில் இரண்டு படிவமும் இருந்தன. 'தந்தை' என்ற கோட்டுக்கு மேல் இரண்டிலும் கையெழுத்து இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல போலாம்" என்றார்.

மறுநாள் காலை நாலு பேரும் போனோம். சின்னவளை இழுத்துக்கொண்டு போனோம் என்பதுதான் சரி. நான் முந்தின நாளே போனில் சொல்லியிருந்ததால் சிஸ்டர் தன் பையனை வாரிச் சீவி உட்கார வைத்திருந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து குப்பியைக் கையில் எடுத்தவள், ஜன்னல் வழியாக வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அண்ணே, மூணு பேர்தானா?"

"மூணு பேர்தான். ஏன்?"

"ஒரு குப்பியில பத்துப் பேருக்கு இருக்கு. தொறந்தா சில மணி நேரத்துல முடிச்சுடணும், இல்லன்னா கொட்டணும். அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. ஏழு பேரோடத வீணாக்கிட்டு நான் மேல என்ன பதில் சொல்றது? இன்னும் ஒரு நாலஞ்சு புள்ளைங்களாவது வந்தா தொறந்துடலாம்."

"பரவால்ல சிஸ்டர், எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள் சின்னவள்.

என் கணவர் வெளியே வந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். எதிரே தையல் கடை வாசலில் பத்துப் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஒருநாள் பெண்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்று செய்தி அதற்குள் பரவியிருந்தது. எல்லோரும் எங்கள் தெருப் பெற்றோர்தான். பாதிப் பேருடைய படிவம் என் மேஜைக்கு வரவே இல்லை.

"புள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார் இவர் தெருவைக் கடந்து போய். "பொட்டி நல்லா இருக்கு, மருந்து நல்லா இருக்கு. இன்னும் நாலஞ்சு பேர் வந்தாத்தான் குப்பியைத் தொறப்பாங்களாம்."

யாரும் அசையவில்லை. தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"நீங்க மொதல்ல போடுங்கண்ணே. ஒரு நாள் ஓடட்டும், பாக்கலாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் கூடச் சிரிப்பு வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். இத்தனை வருஷமாக அவர் ஊருக்குச் சொன்ன வார்த்தையை ஊர் அவருக்கே திருப்பிக் கொடுத்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது ஃபிரிட்ஜுக்குச் சொல்றதுப்பா" என்றார். "ஃபிரிட்ஜ் ஓடலைன்னா பால் கெட்டுப்போகும். வேற ஒண்ணும் ஆயிடாது. அதனால ஒரு நாள் பாக்கலாம்."

கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"எம் பெரிய பொண்ணுக்கு நாலு வயசுல மூச்சு முட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இவ சொன்னா. நான் ஒரு நாள் பாக்கலாம்னேன். மத்தியானம் உதடு நீலமாயிடுச்சு. இன்னும் ஒரு மணி நேரம் பாத்திருந்தேன்னா, இன்னைக்கு உள்ள உக்காந்திருக்கறது எனக்கு ஒரே பொண்ணுதான்."

சிரிப்பு நின்றது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நானே கேட்டதில்லை.

"நான் பொட்டியில எதையோ கண்டுபுடிச்சுட்டுக் காத்திருக்கறதா நீங்க நெனச்சீங்க. ஒண்ணும் இல்ல. பயம். போடவும் பயம், போடாம இருக்கவும் பயம். அதனால தள்ளிப்போட்டேன். அவ்வளவுதான்." என் பக்கம் கையைக் காட்டினார். "இவ வாயைப் பத்தி உங்க எல்லாருக்கும் தெரியும். பத்து வருஷத்துல ஒரு தடவை கூட அதைச் சொல்லிக் காட்டினதில்ல. நேத்து சொல்ல வந்தா. சொல்லாம போய்ப் பாத்திரம் கழுவினா."

எனக்கு அங்கேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. என் வாயைப் பற்றித் தெருவில் வைத்துச் சொன்னதற்கு வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தையல்காரர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். பிறகு கடைக்குள் திரும்பி, "பாப்பா, செருப்பைப் போட்டுக்கிட்டு வா" என்று மகளைக் கூப்பிட்டார். ஒருவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் விறுவிறு என்று நடந்தாள். எல்லோரும் வரவில்லை. நாலைந்து பேர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கலைந்துதான் போனார்கள். ஆனால் கால் மணி நேரத்தில் வராந்தா பெஞ்சில் ஆறு பிள்ளைகள் கூடுதலாக உட்கார்ந்திருந்தன. 'தாய்', 'தந்தை' கோடுகளில் நானே நின்று கையெழுத்து வாங்கினேன். சிஸ்டர் குப்பியைத் திறந்தாள்.

முதலில் யார் என்றதும் சிஸ்டரின் பையன் என் சின்னவளைக் காட்டினான். சின்னவள் அவனைக் காட்டினாள். "நீ போ", "நீ மொதல்ல போ" என்று இரண்டும் அவரவர் பெற்றோரைப் போலவே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பெரியவள் எழுந்து, இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"இப்பவாவது எனக்குப் போடுவீங்களா?" என்றாள்.

அவள் இன்னொரு கையை அவர் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கும்போது அவள் ஜன்னலைப் பார்த்தாள், அவர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னவளுக்கு நானும் சிஸ்டரும் சேர்ந்து போட வேண்டியிருந்தது. போட்ட பிறகு, "இவ்வளவுதானா?" என்று எங்கள் மேல் கோபித்துக்கொண்டாள்.

ஒன்பது பிள்ளைகள் ஆயிற்று. குப்பியில் ஒருவருக்கான மருந்து மிச்சம். "வீணாக்கக் கூடாது" என்றார் என் கணவர். அதுவரை தனக்கே போட்டுக்கொள்ளாத ஆள் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். அவர் மகளும் பார்த்தாள். அவர் அவசரமாகக் கடைக்குப் போக வேண்டும் என்றார், பொத்தான் அறுந்த சட்டை ஒன்று காத்திருக்கிறது என்றார், பிறகு கையைக் கொடுத்தார். போட்ட சூட்டோடு சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. ஏமாந்தவர் போல அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். அது முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். சிஸ்டர் எங்களிடமும் வந்து, "போலாம்ணே, ஒண்ணும் இல்ல" என்றாள்.

"சரி சிஸ்டர்" என்றார். எழுந்திருக்கவில்லை.

"அப்பா, போலாமா?" என்றாள் பெரியவள்.

"இரு கண்ணு. கொஞ்ச நேரம்."

பெஞ்சின் மேல் சும்மா கையை நீட்டி வைத்திருப்பவர் போலத்தான் இருந்தார். பிறகுதான் பார்த்தேன், உள்ளங்கையை அவள் முதுகில் வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை கிடந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் கத்தியிருப்பேன். அவள் மறுபக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் முதுகில் கையை வைத்தேன். அவர் விரல் என் கையில் பட்டது.

"சரியா இருக்கு" என்றார் என்னிடம் மெதுவாக.

"ம். அப்ப கிளம்பலாமா?"

"இரு."

சிஸ்டர் மதியச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்துகிற வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தோம்.